ஐப்பசியில் தீவுக்குப் போன தொட்டி சார்

கடலைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு, பயந்தவர்கள் உண்டு, கால் நனைத்துவிட்டுச் சுண்டல் வாங்கித் தின்றவர்கள் உண்டு. கடலைப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியும் வீணாக் கெடக்கே அப்பு" என்று வயிறெரிந்தவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே எங்கள் தொட்டி சார் ஒருத்தர்தான். கப்பலின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் அதைச் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான். அந்தத் தீவை போனில் தேடிப் பிடித்துக் கொடுத்தவனும், கூடவே போய்த் தொலைந்தவனும் நான்தான்.

திண்டுக்கல்லில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். அவர் கணக்கு, நான் தமிழ். ஒரு தொட்டியை முதல் குழாய் மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இரண்டாவது குழாய் ஐந்து மணி நேரத்தில் காலி செய்யும் என்று ஒரு கணக்கு உண்டல்லவா? மற்ற வாத்தியார்கள் விடையைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார்கள். இவர் பாதியில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வகுப்பையே முறைப்பார்.

"எந்தக் கூறுகெட்டவன்டா அந்த ரெண்டாவது குழாயத் தொறந்து விட்டது? மொதல்ல போயி அத அடைங்கடா. பெறகு கணக்குப் போடுவோம்."

மணி அடிக்கும் வரை அந்தக் குழாய் அடைபடாது, கணக்கும் முடியாது. அவருடைய சொந்தப் பெயரை வருகைப் பதிவேட்டில் தேடித்தான் நாங்களே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் தெருக் குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் பாக்கியம். வெயில் காலத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள் கூட ஆகும். அதனால் எல்லா வீட்டிலும் ஒரு தொட்டி உண்டு. தொட்டி சார் வீட்டில் தொட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் வீடு உண்டு. வாசலில் தரைத்தொட்டி, மாடியில் இரண்டு, கொல்லையில் சிமெண்டுத் தொட்டி, மாடிப்படிக்கு அடியில் டிரம், திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஓர் அண்டா. விருந்தாளி வந்தால் அரை டம்ளர்தான் வரும். முழு டம்ளர் வேண்டுமென்றால், மிச்சம் வைக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பங்குச்சாமியார் வீடு மந்திரிக்க வந்து தீர்த்தம் தெளித்தபோது, இரண்டாவது அறைக்குள் நுழையுமுன்பே சார் கையைக் கூப்பி, "போதும் சாமி, ஆசீர்வாதம் பரவிருச்சு" என்றாராம்.

அவர் கல்யாணத்தன்றுகூடக் காலையில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. சித்தையன்கோட்டையிலிருந்து வந்த மணப்பெண் பீடத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு, முழங்கால் வரை ஈரத்தோடு வந்து சேர்ந்தார். "கடைசி அண்டாதான் கொஞ்சம் கொறை, மெர்சி" என்பதுதான் மனைவியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. மெர்சி டீச்சரே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு இருவரும் ஊரைவிட்டு எங்கேயும் போய் ஓர் இரவு தங்கியதில்லை. போகிற அன்று தண்ணீர் வந்துவிட்டால்? செம்பட்டியில் மைத்துனன் கல்யாணத்துக்குப் போனவர், தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். பிள்ளை குட்டியும் இல்லை. தொட்டிகளையும் டீச்சரையும் விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது.

இப்படியே ஓடியிருக்கும். நடுவில் மெர்சி டீச்சரின் கண் கெட்டது.

முதலில் மாலையில் தடுமாறினார். பிறகு பக்கத்தில் வந்து நிற்கிற ஆளே தெரியவில்லை. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது, நல்ல வெளிச்சத்தில் நடுவில் கொஞ்சம் தெரியும், அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது, பார்க்க ஆசைப்பட்டதைச் சீக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் கொடைரோடு தாண்டியதும் டீச்சர்தான் வாயைத் திறந்தார்.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கவா? கடக்கரையில ஒரு குடிசை வீட்டுல அஞ்சு நாளு இருக்கணும். முழிச்சுப் பாத்தா வாசப்படியில நீலமாக் கடல் கெடக்கணும். நம்ம அடுப்படிக் காலண்டர்ல இருக்குல்ல, அந்த மாதிரி."

"கடலுதான? வேளாங்கண்ணிக்குப் போவோம்."

"அங்க மாதாவப் பாக்கப் போகணும். கடலுக்கும் எனக்கும் நடுவுல ஆயிரம் பேரு நிப்பாக. எனக்கு இருக்குறது இத்தினிக்கூண்டு பார்வை. அதுல கடல் மட்டுந்தான் தெரியணும்."

மறுநாள் காலையில் சார் என் வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, தீவு எங்க கெடைக்கும்?" என்று, ஏதோ தக்காளி எங்கே மலிவு என்பதுபோலக் கேட்டார்.

தேடினேன். அந்தமானில், பெரிய தீவிலிருந்து ஒரு கப்பல், பிறகு ஒரு படகு என்று போய்ச் சேரக்கூடிய ஒரு சின்னத் தீவு. பலகை வீடு நான்கு, ஓலைக் கூரை, மின்சாரம் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டரில் மட்டும். படத்தில் வாசற்படிக்கு இருபது அடி தள்ளி நீலம் நீலமாகக் கடல். டீச்சர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

இங்கேதான் நாங்கள் கெட்டோம். "பங்குனியில போகலாம், கடல் கண்ணாடி மாதிரி இருக்குமாம்" என்றேன். சார் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பங்குனியிலயா? தண்ணிக் கஷ்டம் தொடங்குற மாசத்துல தொட்டிய விட்டுட்டு எவனாச்சும் ஊருக்குப் போவானா? ஐப்பசியில போவோம். மழைக்காலம். இங்க தொட்டியப் பத்திக் கவல இல்ல. அங்கயும் மழ பேஞ்சா நல்லதுதானே?"

எனக்கு அது சரியென்றே பட்டது. இதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. மழை பெய்தால் கெட்டது நடக்கும் என்று திண்டுக்கல்காரன் மூளைக்கு எட்டவே எட்டாது. எங்கள் ஊரில் மழை வருவது விருந்தாளி வருவது மாதிரி. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஐப்பசிக்கே டிக்கெட் போட்டேன்.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் மனைவிக்கு வந்தது. எந்தத் தொட்டி முதலில், எது கடைசியில், எந்தக் குழாயை எத்தனை திருகு திருக வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு முறை வாசித்துக் காட்டச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வாசித்தாள்.

வழியெல்லாம் வானம் மூடிக் கிடந்தது. டீச்சர் கப்பலில் கீழ்த்தளத்தில் வாந்தி எடுத்தபடியே வந்தார். அங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. நாங்கள் தீவில் இறங்கியபோது கடல் இருக்கிறது என்பது சத்தத்தில்தான் தெரிந்தது. "நாளைக்குப் பாப்போம் டீச்சர்" என்றேன். "அஞ்சு நாளு இருக்குல்ல" என்று அவரும் சிரித்தார்.

வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவள் பெயர் செல்வி. அப்பா அம்மா ராமநாதபுரம் பக்கம், இவள் அந்தமானிலேயே பிறந்தவள். தமிழ் கேட்டதும் அவளுக்கு வாயெல்லாம் பல். சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும் போட்டாள். அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைதான்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன சார், குழாயைத் திறந்திருக்கிறார். தண்ணீர் கொட்டியிருக்கிறது. ஆயுள் முழுக்கப் பழகிய கை. தண்ணீர் வருகிறதென்றால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாளி, மக்கு, குப்பைக் கூடை, எங்கள் பாட்டில்கள், சமையல் கொட்டகையிலிருந்து மூன்று தேக்சா, இவை முடிந்ததும் கொல்லையில் துணி துவைக்கிற ரப்பர் குழாயை மாட்டிக்கொண்டு, கரையில் ஏற்றி வைத்திருந்த சின்னப் படகையும் நிரப்பிவிட்டார்.

விடிந்ததும் செல்வி வந்து நின்றாள்.

"அண்ணே, டேங்குல பொட்டுத் தண்ணி இல்ல. நாலு வீட்டுக்கும் அதான். சாயங்காலம் ஜெனரேட்டர் போட்டாத்தான் மறுபடி ஏறும். படகுல எதுக்குண்ணே தண்ணி?"

"நல்ல தண்ணிம்மா. குடிக்கலாம். படகக் கழுவிட்டுத்தான் புடிச்சேன்" என்றார் சார்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, வாயில் பற்பசை நுரையோடு வந்தார்கள். கடைசி வீட்டிலிருந்து பறவை படம் எடுக்கிற ஒருத்தர், கையில் ஒரு செம்போடு வந்தார். சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! படகுக்குப் பக்கத்தில் மக்கும் கையுமாக நின்றுகொண்டார். "லைன்ல வாங்க, லைன்ல வாங்க. தள்ளக் கூடாது. ஆளுக்கு ரெண்டு மக்கு." பாவம், தள்ளுவதற்கு அங்கே ஆளே இல்லை. வெள்ளைக்காரப் பெண் மூன்றாவது மக்கு கேட்டபோது, "நோ மேடம், பின்னாடி ஆளுக இருக்காக" என்று மறுத்துவிட்டார். பின்னால் நின்றது அவளுடைய புருஷன்.

வரிசை கலைவதற்குள் முதல் துளி விழுந்தது. "பாருங்க, நல்ல சகுனம்" என்று சார் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த மழை நிற்கவே இல்லை.

நான் மழையைப் பற்றி வகுப்பில் எத்தனையோ பாட்டு நடத்தியிருக்கிறேன். மழை என்றால் என்னவென்று அந்தத் தீவில்தான் தெரிந்தது. முதல் நாள் போனது. இரண்டாம் நாள் போனது. கடலும் வானமும் ஒரே சாம்பல். எங்கள் கண்ணுக்கே அலை எது, மழை எது என்று பிரியவில்லை. டீச்சர் கண்ணுக்கு என்ன தெரியும்? விடிந்ததும் வாசற்படியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கழுத்தை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பித் துழாவுவார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை அப்படியே இருப்பார்.

"தம்பி, எங்கிட்டாவது நீலமாத் தெரியுதா?"

"இல்ல டீச்சர். நாளைக்கு வெளிச்சிரும்."

ஐப்பசியில் யாராவது இங்கே வருவார்களா என்று செல்வி என்னிடம் தனியாகக் கேட்டாள். வெள்ளைக்காரர்கள் அமைதியாகப் புத்தகம் படிக்க வந்திருக்கிறார்களாம், பறவைக்காரருக்கு மழைப் பறவை வேண்டுமாம். "நீங்க எதுக்குண்ணே வந்தீங்க?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் படகைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

சாரோ நான்கு வீட்டு வாளிகளையும் கேட்டு வாங்கி, கூரைத் தண்ணீர் ஒழுகுகிற இடமெல்லாம் வைத்துக்கொண்டு ஓடினார். நிறைய நிறைய மாற்றினார். மாற்றி ஊற்ற இடமில்லாமல் போனதும் நடு மழையில் வாளியைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அந்தத் தீவில் ஒரே ஒரு தென்னைமரத்தடியில் மட்டும் போன் எடுக்கும். மூன்றாம் நாள் குடையோடு அங்கே போய் நின்று என் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, குழாயில தண்ணி வந்துச்சா? வரலையா? மழ? அங்க மழ எப்படி?"

அவர் முகம் தொங்கிப்போனது. போனை என்னிடம் கொடுத்தார். "ஒரு சொட்டு இல்லைங்க. வெயிலு மண்டையப் பொளக்குது. வானம் துடைச்சு வச்சாப்புல நீலமா இருக்கு" என்றாள் அவள்.

திரும்பி நடக்கும்போது சார் குடையை மடக்கிவிட்டார். நனைந்துகொண்டே சொன்னார்: "இந்த மாசத்தச் சொன்னது நாந்தான அப்பு. நீ பங்குனின்னு சொன்ன. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அதக் கூட தொட்டிக்குப் பாத்துட்டுல்ல செஞ்சேன்." நானும் தலையாட்டினவன்தான் என்றேன். அவர் காதில் விழவில்லை.

நான்காம் நாளும் அதே மழை. செல்வி கொண்டுவந்து வைத்த சோறு அப்படியே இருந்தது. எனக்குக் கடலைப் பார்த்தாலே வெறுப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் மதியத்துக்கு மேல் படகு. காலையில் மழை கொஞ்சம் தூறலாக இறங்கியிருந்தது. சார் இத்தனை வருஷத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். டீச்சரிடம் போய், "மெர்சி, போற வழியெல்லாம் குளிக்க முடியாது. தல முழுகு. எம்புட்டுத் தண்ணி வேணும்னாலும் ஊத்திக்க" என்றார். வீட்டில் டீச்சருக்குத் தலை முழுக நான்கு மக்குதான் அளவு. இங்கே ஐந்து வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் இருந்த குளியலறையில் வரிசையாக வைத்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த சீயக்காய்ப் பொடியைத் தானே கரைத்துக் கொடுத்தார். வேறு என்ன கொடுப்பதென்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. டீச்சரும் அவருக்காகத்தான் எழுந்து போனார்.

கதவு சாத்தி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. தூறல் நின்றது. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மேகம் எங்கோ ஒரு பக்கம் விலகி, ஒரே நொடியில் வெயில் விழுந்தது. அந்தக் காலண்டர்க்காரன் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. கடல் அப்படி ஒரு நீலம். கரையோரம் பச்சை, தள்ளிப் போகப் போக நீலம், அதற்கும் அப்பால் கண்ணை எடுக்க முடியாத இன்னொரு நீலம்.

"சார்! வெயிலு! கடலு நீலமா வந்துருச்சு!" என்று கத்தினேன்.

சார் பின்பக்கம் பாய்ந்தார். கதவை இரண்டு கையாலும் அடித்தார். "மெர்சி! வா, வா, வெளிய வா! நீலமா வந்துருச்சாம், மெர்சி!"

டீச்சர் கிடைத்த சேலையைச் சுற்றிக்கொண்டு தலை முழுக்கச் சீயக்காயோடு ஓடி வந்தார். வருகிற அவசரத்தில் அது அத்தனையும் கண்ணில் இறங்கிவிட்டது. எரிச்சலில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து வாசற்படியில் உட்கார வைத்தோம். சார் அவர் முன்னால் மண்டியிட்டு, கூரைக்கடியில் வைத்திருந்த வாளிகளிலிருந்து தண்ணீரை மக்கு மக்காக முகத்தில் அடித்தார். ஒரு வாளி தீர்ந்தது. அடுத்த வாளியை அப்படியே தூக்கிக் கவிழ்த்தார். தண்ணீர் படியில் வழிந்து மணலுக்குப் போனது. அவர் கவனிக்கவே இல்லை. "தொற மெர்சி, தொற. செத்த நேரம் பொறுத்துக்க. தொற சாமி, தொற" என்று அவர் அழுதுகொண்டே ஊற்றினார். நான் வாளிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

டீச்சர் சிவந்த கண்ணைத் திறந்தபோது முதல் துளி மறுபடி விழுந்துவிட்டது. வெயில் போய்விட்டது. கழுத்தைத் திருப்பி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை துழாவினார். சாம்பல்தான்.

சார் மண்டியிட்டபடியே தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தானே குளிக்கச் சொன்னேன். நாந்தானே சீயக்காயக் கரைச்சுக் குடுத்தேன். பாவி, பாவி."

டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகக் கேட்டார்.

"சரி விடுங்க. நீங்க பாத்தீகள்ல? எப்படி இருந்துச்சு? சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

சார் திருதிருவென்று விழித்தார். திரும்பிக் கடலைப் பார்த்தார். மறுபடி டீச்சரைப் பார்த்தார்.

"நான் எங்க மெர்சி பாத்தேன்? மொதல்ல கதவப் பாத்துக்கிட்டு நின்னேன். பெறகு உன் கண்ணத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

டீச்சர் சிரித்துவிட்டார். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. சீயக்காய் வழிய, மழையில் நனைந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து சமையல் கொட்டகைப் பக்கம் போய்விட்டேன்.

இப்போது டீச்சருக்கு நல்ல வெளிச்சத்திலும் எதுவும் தெரிவதில்லை. தொட்டி சார்தான் கையைப் பிடித்துக் காலைப் பூசைக்குக் கூட்டிப்போகிறார். அந்த நீலத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். இன்றுவரை அதை அவர்கள் இருவரிடமும் வாய் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தெருவில் யாராவது தொட்டி சாரைக் கிண்டல் செய்தால், முன்பெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது முடிவதில்லை. முதுகுக்குப் பின்னால் அத்தனை பெரிய கடலை விட்டுவிட்டு, பெண்டாட்டி கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.